எல்இடி டிவிக்கு ஸ்டெபிலைசர் தேவையா? எஸ்எம்பிஎஸ் பற்றி ஒரு பதில்

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தலவாக்கலைப் பக்கம் தோட்ட லயத்தில் இருக்கிறீர்கள். மாலையானால் வோல்டேஜ் இறங்குகிறது. பழைய டிவிக்கு ஸ்டெபிலைசர் வைத்திருந்தீர்கள். புது எல்இடி டிவி வாங்கிய கடையில், "இதில் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது, ஸ்டெபிலைசர் வேண்டாம்" என்றார்கள். எஸ்எம்பிஎஸ் (Switched-Mode Power Supply) என்றால் கரண்டை வேகமாக வெட்டி வெட்டி வேண்டிய வோல்டேஜாக்கிக் கொடுக்கும் பவர் சப்ளை. போன மாத இடிமழையில் ரவுட்டர் அடாப்டர் செத்துப்போனது. அதற்குள்ளும் எஸ்எம்பிஎஸ்தான் என்று ரிப்பேர் பார்த்தவர் சொன்னதும் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அது என்ன சாமான், எப்படி வேலை செய்கிறது, எங்கெல்லாம் இருக்கிறது, கடைக்காரர் சொன்னது பொய்யா? இதுதான் கேள்வி. இதில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. வோல்டேஜ் குறைவது ஒன்று, திடீரென்று எகிறுவது இன்னொன்று. எஸ்எம்பிஎஸ் முதலாவதை நன்றாகவே தாங்கும், இரண்டாவதில் அடிபடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்துவிட்டு, அட்டனிலும் அப்புறம் பண்டாரவளையிலும் ரிப்பேர் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன். இடையில் தேயிலைத் தொழிற்சாலைகளில் கட்டுப்பாட்டுப் பெட்டி வேலையும் பார்த்திருக்கிறேன். கம்பத்தில் ஏறிச் செய்கிற லைன் வேலை என் துறை இல்லை. அதனால் வீட்டு மீட்டருக்கு இந்தப் பக்கம் நடப்பதைத்தான் அடித்துச் சொல்ல முடியும்.

பழைய முறையிலிருந்து தொடங்கினால்தான் புதியது புரியும். பழைய ரேடியோ, கெசட் பிளேயர் எதையாவது திறந்து பார்த்திருந்தால் உள்ளே கனமான இரும்பு டிரான்ஸ்போமர் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 230 வோல்ட் அதற்குள் போய் 12 வோல்ட்டாக வரும். டயோடுகள் அதை ஒரே திசைக் கரண்டாக்கும் (இதுதான் டிசி), கெப்பாசிட்டர் சமப்படுத்தும், அப்புறம் ஒரு ரெகுலேட்டர் 5 வோல்ட்டுக்கு இறக்கும். அந்த ரெகுலேட்டர் வேண்டாத வோல்டேஜை வெறும் சூடாக எரித்துத் தள்ளிவிடும். 12 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, கரண்ட் 1 அம்பியர் என்றால் பயன்படுவது 5 வாட், வீணாவது 7 வாட். அதனால்தான் அதன் முதுகில் அலுமினியத் தகடு. வெளியிலிருந்து வரும் வோல்டேஜ் இறங்கினால் டிரான்ஸ்போமரிலிருந்து வருவதும் அதே விகிதத்தில் இறங்கும். ரெகுலேட்டருக்குத் தேவையான அளவுக்குக் கீழே போனதும் ரேடியோவில் உறுமல் கேட்கும். ஸ்டெபிலைசர் என்ற பெட்டி நம் வீடுகளுக்குள் வந்தது இப்படிப்பட்ட சாமான்களுக்காகத்தான்.

டிரான்ஸ்போமர் ஏன் அவ்வளவு கனம்? நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 முறை திசை மாறி மாறி வருகிறது. இரும்புக்குள் காந்தப்புலம் ஒரு எல்லைக்கு மேல் ஏறாது. மெதுவாக மாறும் கரண்டுக்கு அந்த எல்லையைத் தொடாமல் இருக்க நிறைய இரும்பும் நிறையச் சுற்றுக்களும் வேண்டும். வேகமாக மாறினால் இரண்டுமே குறைந்துவிடும். பீலியில் தண்ணீர் பிடித்து வருவதை நினைத்துப் பாருங்கள். ஒரு நாளில் இரண்டு நடைதான் போக முடியும் என்றால் பெரிய அண்டா வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை போய்வர முடிந்தால் ஒரு செம்பே போதும், வீட்டுக்கு வந்து சேரும் தண்ணீர் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் செய்வது இதைத்தான். 50 ஹேர்ட்ஸை ஒதுக்கிவிட்டு, செக்கனுக்கு 65,000 முறை, 100,000 முறை என்று தானே கரண்டை வெட்டி வெட்டி அனுப்புகிறது. 60 வாட் சாமானுக்கு, 65,000 தடவையில், ஒரு தடவைக்குக் கொண்டுபோக வேண்டிய சக்தி ஒரு மில்லிஜூல்கூட வராது. அதற்கு ஒரு சிறிய டிரான்ஸ்போமர் தாராளம். ஆனால் வேகம் 2000 மடங்கு கூடியதால் டிரான்ஸ்போமர் 2000 மடங்கு சிறுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அந்த வேகத்தில் இரும்புத் தகடு சூடாகிவிடும் என்பதால் ஃபெரைட் என்ற கறுப்புப் பொருளைப் போடுகிறார்கள். அது தாங்கும் காந்தப்புலம் இரும்பைவிடப் பல மடங்கு குறைவு. அப்படியும் லாபம் பெரிது. கையில் கனத்த அந்தப் பழைய அடாப்டர் இன்று தீப்பெட்டி அளவுக்கு வந்தது இதனால்தான்.

இனி உங்கள் அடாப்டரையே திறந்து, கரண்ட் போகும் வழியில் நாமும் போகலாம். பிளக்கிலிருந்து முதலில் ஒரு பியூஸ். அடுத்து, எல்லாச் சாமானிலும் இல்லை, தரமானவற்றில் நீலம் அல்லது மஞ்சள் நிறத்தில் வட்டச் சில்லு ஒன்று இருக்கும். அதன் பெயர் வேரிஸ்டர். சாதாரண வோல்டேஜில் சும்மா இருக்கும். வோல்டேஜ் எகிறினால் தன் வழியாகக் கரண்டை இழுத்துக்கொண்டு பின்னால் உள்ளவற்றைக் காப்பாற்றும். மின்னல் கதைக்கு இது வேண்டும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் கம்பி சுற்றிய சோக், சதுரப் பெட்டி மாதிரி ஒரு கெப்பாசிட்டர். உள்ளே நடக்கும் வெட்டலின் இரைச்சல் வெளியே வயருக்குள் போகாமல் தடுப்பது இவற்றின் வேலை. மலிவான சார்ஜர்களில் செலவைக் குறைக்க முதலில் கழற்றுவது இவற்றைத்தான். அப்படி ஒன்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் மீடியம் வேவ் ரேடியோவைத் திருப்பினால் ஸ்டேஷனுக்குப் பதிலாகச் சார்ஜரின் இரைச்சலைத்தான் கேட்பீர்கள்.

அதைத் தாண்டியதும் நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜ், அப்புறம் 400 வோல்ட் எழுதிய பெரிய உருளைக் கெப்பாசிட்டர். இங்கே ஒரு கணக்கு. 230 வோல்ட் என்று நாம் சொல்வது ஒரு வகைச் சராசரி. அலையின் உச்சி அதைவிட 1.414 மடங்கு. கெப்பாசிட்டர் உச்சி வரை நிரம்பும் என்பதால் அதில் ஏறக்குறைய 325 வோல்ட் டிசி நிற்கும். கைக்குள் அடங்கும் அந்த அடாப்டருக்குள் இவ்வளவு வோல்டேஜ் இருப்பது பலருக்குத் தெரியாது. இந்தக் கெப்பாசிட்டர் ஒரு சிறிய சேமிப்பும்கூட. 100 மைக்ரோஃபரட், 325 வோல்ட் என்றால் அதில் சுமார் 5 ஜூல். 60 வாட் டிவி அதை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 70 மில்லிசெக்கன் சமாளிக்கும். கரண்ட் ஒரு கணம் கண்ணடிக்கும்போது டிவி அணையாமல் ஓடுவதற்கு இதுவே காரணம்.

அடுத்து வருவது மொஸ்பெட் என்ற சுவிட்ச். அந்த 325 வோல்ட்டை ஃபெரைட் டிரான்ஸ்போமரின் முதல் சுற்றுக்குக் கொடுப்பதும் நிறுத்துவதும்தான் அதற்கு வேலை. சின்ன அடாப்டர்களில் பெரும்பாலும் ஃபிளைபேக் என்ற அமைப்பைக் காணலாம். சுவிட்ச் திறந்திருக்கும் நேரத்தில், அதாவது குழாய் மாதிரி கரண்டை விடும் நேரத்தில், காந்தப்புலமாகச் சக்தி சேரும், மூடியதும் அது இரண்டாவது சுற்று வழியாக வெளியே போகும். இரண்டு சுற்றுக்களுக்கும் நடுவே கம்பித் தொடர்பு கிடையாது. நீங்கள் தொடும் பக்கத்துக்கும் 325 வோல்ட் பக்கத்துக்கும் இடையில் உள்ள வேலி அதுதான். வெளிப்பக்கத்தில் ஒரு வேகமான டயோடும் கெப்பாசிட்டர்களும் இருக்கும். 12 வோல்ட் ரெடி. சுவிட்ச் எப்போதும் முழுதாகத் திறந்திருக்கும் அல்லது முழுதாக மூடியிருக்கும். நடுவில் நின்று சூடாகக் கரைக்கிற வேலையே கிடையாது. அதனால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் 85, 90 சதவீதம் சக்தி மறுபக்கம் வந்து சேரும்.

வெளியே எப்போதும் 12 வோல்ட்தான் வருகிறது என்று யார் பார்த்துக்கொள்வது? வெளிப்பக்கத்தில் ஒரு சிறு ஐசி 12 வோல்ட்டை அளந்துகொண்டே இருக்கும். குறைந்தாலும் கூடினாலும் ஒப்டோகப்ளர் என்ற நான்கு கால் சில்லுக்குத் தகவல் கொடுக்கும். அதற்குள் ஒரு எல்இடியும் அந்த ஒளியை உணரும் டிரான்சிஸ்டரும் இருக்கின்றன. வேலியைத் தாண்டி ஒளி மட்டும் போகிறது, கம்பி போகவில்லை. அந்தப் பக்கம் உள்ள கட்டுப்பாட்டு ஐசி, சுவிட்ச் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். போன் சார்ஜர்களில் ஒப்டோகப்ளர் இல்லாமல் டிரான்ஸ்போமரிலேயே வேறொரு சுற்றை வைத்து அளக்கும் முறையும் உண்டு. எப்படியானாலும் வெளியே வருவதைப் பார்த்துத்தான் உள்ளே வெட்டுகிறது.

இப்போது உங்கள் மாலை நேரத்துக்கு வருவோம். இலங்கையில் வீடுகளுக்கு வர வேண்டியது 230 வோல்ட், கூடக்குறைய 6 சதவீதம். கணக்குப் பார்த்தால் 216 முதல் 244 வரை. மாலை 6.30 முதல் 10.30 வரை நாடே கரண்ட் இழுக்கும் நேரம். கம்பத்து டிரான்ஸ்போமரிலிருந்து தூரமான வரிசையின் கடைசி வீட்டில் அந்த நேரம் 180 வோல்ட் காட்டுவதை மீட்டரில் பார்த்திருக்கிறேன். நோட்டன் பிரிட்ஜிலும் லக்ஷபானவிலும் மேல் கொத்மலையிலும் விழுகிற தண்ணீரிலிருந்து நாட்டுக்கே கரண்ட் போகிறது, பக்கத்துத் தோட்டத்தின் கடைசி வீட்டில் பல்ப் மங்குகிறது. இதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு, அதை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் டிவியின் பின்பக்க லேபலைப் பாருங்கள். 100-240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் 180 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உள்ளே 325க்குப் பதில் 255 வோல்ட் டிசி இருக்கும்; ஐசி சுவிட்சைச் சற்றுக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும்; திரையில் ஒரு மாற்றமும் தெரியாது. அந்த டிவிக்கு முன்னால் ஸ்டெபிலைசர் வைப்பது, ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையை இன்னொரு பெட்டியிடம் கொடுப்பதுதான். சில மாடல்களில் 200-240 என்று மட்டும் எழுதியிருக்கும். அவற்றுக்கு இந்தத் தைரியத்தை நான் கொடுக்க மாட்டேன்.

ஒரு சங்கதி மட்டும் கவனிக்க வேண்டும். வோல்டேஜ் குறைந்தாலும் டிவிக்கு வேண்டிய வாட் குறையாது. அதனால் கரண்ட் கூடும். பவர் ஃபெக்டர் என்ற நுணுக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 60 வாட் சாமான் 230 வோல்ட்டில் 0.26 அம்பியர் இழுக்கும், 150 வோல்ட்டில் 0.4 அம்பியர். பழைய குண்டு பல்ப் இதற்கு நேர் எதிர். வோல்டேஜ் குறைந்தால் குறைவாக இழுத்து மங்கிவிடும். லேபலில் போட்ட எல்லைக்குள் இந்தக் கூடுதல் கரண்டைக் கணக்கில் எடுத்தே செய்திருப்பார்கள். மலிவான அடாப்டரில், லேபலில் எழுதியதை உள்ளே உள்ள பாகங்கள் தாங்குமா என்பது வேறு கதை. நீண்ட நேரம் 140, 150க்குக் கீழே கிடந்தால் டயோடும் மொஸ்பெட்டும் கொதிக்கும். லைன் முழுவதும் எஸ்எம்பிஎஸ் சாமான்களாக மாறும்போது, குறைந்த வோல்டேஜில் எல்லாமாகச் சேர்ந்து கரண்டைக் கூட்டி இழுப்பதும் நடக்கிறது. அது லைன்காரர்களின் தலைவலி.

பழைய குண்டு டிவிக்கே ஸ்டெபிலைசர் தேவைப்பட்டதா என்று கேட்டால், ரூபவாஹினி 1982இல் தொடங்கிய காலத்துச் சில செட்டுகளுக்குத் தேவைப்பட்டிருக்கும். பின்னால் வந்த பல குண்டு டிவிகளுக்குள்ளும் எஸ்எம்பிஎஸ்தான் இருந்தது. லேபலில் 90-260 என்று போட்டதெல்லாம் என் மேசைக்கு வந்திருக்கிறது. பழக்கத்தால் ஸ்டெபிலைசரையும் சேர்த்து வாங்கினோம், அவ்வளவுதான். இந்த முறை அப்படியொன்றும் புதிதில்லை. 1977இல் வந்த அப்பிள் 2 கணினிக்கு ரொட் ஹோல்ட் என்ற பொறியியலாளர் எஸ்எம்பிஎஸ் செய்து கொடுத்தார். அதற்கு முன்பே அளவைக் கருவிகளிலும் பெரிய கணினிகளிலும் அது இருந்தது. வேகமான, அதிக வோல்டேஜ் தாங்கும் டிரான்சிஸ்டர்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டுச் சாமான்களுக்குள் பரவியது.

உங்களிடம் உள்ள ஸ்டெபிலைசரை வீசிவிட வேண்டாம், ஃபிரிஜ்ஜைத் தாங்கும் அளவு என்றால் அதற்குப் போடுங்கள். சாதாரண ஃபிரிஜ்ஜின் கம்பிரசர் ஒரு மோட்டார். வோல்டேஜ் போதாவிட்டால் கிளம்ப முடியாமல் நின்ற இடத்தில் கரண்டை இழுத்துச் சூடாகும். ஸ்டெபிலைசருக்கு அங்கேதான் உண்மையான வேலை, அதிலும் கரண்ட் வந்ததும் சில நிமிடம் பொறுத்துத் திறக்கும் வகை என்றால் இன்னும் நல்லது.

அடுத்து மின்னல். மலைநாட்டில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பகல் திரும்பியதும் இடி தொடங்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்னல் உங்கள் வீட்டில் விழ வேண்டும் என்றும் இல்லை. லைனுக்குப் பக்கத்தில் எங்கேயோ விழுந்தாலும் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஒரு கணம் தூண்டப்பட்டு வரும். அந்தக் கணம் மைக்ரோசெக்கன் கணக்கு. ஸ்டெபிலைசருக்குள் உள்ள ரிலே என்ற சுவிட்ச் அசையவே சில மில்லிசெக்கன் ஆகும். அது அசைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அடாப்டருக்குள் மொஸ்பெட் 600, 700 வோல்ட் தாங்கும் வகை. அதைத் தாண்டினால் ஷோர்ட் ஆகும், கூடவே பிரிட்ஜும் பியூஸும் போகும். வேரிஸ்டர் இருந்திருந்தால் சிறிய அடிகளைத் தன்மேல் வாங்கியிருக்கும். ஒவ்வொரு அடியிலும் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, நேரடியாக விழும் மின்னலுக்கு அது ஒன்றுமே இல்லை. உங்கள் அடாப்டர் மின்னலில்தான் செத்தது என்று திறந்து பார்க்காமல் நான் சாதிக்க மாட்டேன். பியூஸ் கண்ணாடி உள்ளே கறுத்து, வேரிஸ்டர் வெடித்திருந்தால் வெளியிலிருந்து வந்த அடி என்று ஏறக்குறைய உறுதி. பியூஸ் நன்றாக இருந்து, கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் வயசாகிச் செத்தது. இடிமழை வந்த அதே நாளில் நடந்தது தற்செயல்.

இன்னொரு எமன் உண்டு, அதைப் பலரும் மின்னல் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கம்பத்து லைன் மூன்று ஃபேஸ். வீடுகளை ஒவ்வொரு ஃபேஸிலும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள், கரண்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரல் பொதுவானது. காற்றில் யூகலிப்டஸ் கிளை விழுந்தோ, இணைப்புத் துருப்பிடித்தோ அந்த நியூட்ரல் அறுந்தால், இரண்டு ஃபேஸில் உள்ள வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராகிவிடும். கூடுதலாகச் சாமான் ஓடுகிற வீட்டில் வோல்டேஜ் இறங்கும், குறைவாக ஓடுகிற வீட்டில் 300, 350 என்று ஏறும். 350 என்றால் உச்சி 495 வோல்ட். 400 வோல்ட் கெப்பாசிட்டர் வெடிக்கும். வேரிஸ்டரும் இதில் எரிந்துபோகும், ஏனென்றால் அடி ஒரு கணத்தில் முடியாமல் தொடர்ந்து நிற்கிறது. ஒரு வீட்டில் பல்ப் மங்கி, அடுத்த வீட்டில் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தால் யோசிக்காமல் மெயின் சுவிட்சை இறக்குங்கள், அப்புறம் மின்சார சபைக்குப் போன் போடுங்கள். இந்த ஒன்றில் மட்டும், உயர் வோல்டேஜில் துண்டிக்கும் ஸ்டெபிலைசரோ தனி வோல்டேஜ் புரொடெக்டரோ டிவியைக் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது.

ஆக, காசை எதில் போடுவது? முதலில் எர்த். பழைய லயங்களில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும், அல்லது பிளக்கின் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருக்கும். பாறை நிலத்தில் எர்த் ராடு வேலை செய்வதும் கஷ்டம்; நல்ல வயரிங் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு மீட்டர் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத வீட்டில், வோல்டேஜ் எகிறுவதை அடக்கும் சேர்ஜ் புரொடெக்டர் வாங்கி மாட்டினால் அது பாதி வேலைதான் செய்யும். அதையும் செய்த பிறகு, இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுவதற்கு நிகராக எதுவும் இல்லை. சுவிட்சை அணைத்தால் போதாது. இவ்வளவு தூரம் வானத்திலிருந்து பாய்ந்து வந்ததற்கு சுவிட்சுக்குள் உள்ள சில மில்லிமீற்றர் இடைவெளி ஒரு தடை இல்லை. டிவியின் அன்டெனா வயர், டிஷ் கேபிள், செம்புத் தொலைபேசி வயர் எல்லாவற்றையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு டிஷ் வயரை விட்டதால் செத்த டிவிகள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஃபைபர் இணைப்பு என்றால் அந்தக் கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது, அதன் அடாப்டர் வழியாக வரும்.

எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டீர்கள். இல்லாத இடத்தைச் சொல்வது சுலபம். போன் சார்ஜர், டிவி, கணினி, டிஷ் பெட்டி, சிசிடிவி, ஃபோட்டோகொப்பி மெஷின் எல்லாவற்றிலும் உண்டு. த்ரீவீலரில் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் யுஎஸ்பி சார்ஜரிலும் அதே வெட்டும் வேலைதான், அங்கே டிரான்ஸ்போமருக்குப் பதில் ஒரு சுருள். மலை உச்சியில் நிற்கும் போன் டவரில் ஏசியை 48 வோல்ட் டிசியாக்கி பேட்டரியை நிரப்பும் பெட்டிகளும் இந்த வகை. தோளில் தூக்கிப் போகிற வெல்டிங் பிளான்ட் இதன் பெரிய அண்ணன். தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனால் தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோட்டரின் கேமராக்களுக்கும் வால்வுகளுக்கும் 24 வோல்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்கள் வரிசையாக இருக்கும். கொழுந்து வாட்டும் தொட்டியின் விசிறியை வேண்டிய வேகத்தில் ஓட்டும் விஎஃப்டி பெட்டியைக் கண்டிப்பாக எஸ்எம்பிஎஸ் என்று சொல்ல முடியாது, ஆனால் நெருங்கிய சொந்தம். மூன்று ஃபேஸ் 400 வோல்ட்டை முதலில் ஏறக்குறைய 560 வோல்ட் டிசியாக்கி, அதை வெட்டி மோட்டாருக்கு வேண்டிய அலையைச் செய்கிறது. இரவு முழுவதும் ஓடும் விசிறி அது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே வாட் மளமளவென்று இறங்கும் என்பதால், தொழிற்சாலையின் மின் பில்லில் நேராகத் தெரியும். என்னைக் கேட்டால் மலைநாட்டில் இந்தத் தொழில்நுட்பம் உருப்படியாகக் காசு மிச்சம் பிடித்த இடம் சார்ஜரைவிட இதுதான்.

எல்இடி பல்பில் எஸ்எம்பிஎஸ் உண்டா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. சிலவற்றில் உண்டு. மலிவான பலவற்றில் ஒரு சின்ன ஐசி கரண்டைக் கட்டுப்படுத்தி மிச்சத்தைச் சூடாக்குகிறது, அதாவது பழைய முறை. போன் கேமராவில் பார்த்தால் கோடு கோடாக ஓடி, மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது மங்கினால் பெரும்பாலும் இரண்டாவது வகை. திறக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டு சின்னப் பயங்களைத் தீர்த்துவிடுகிறேன். லெப்டொப்பின் உலோக உடம்பையோ டிவியின் கேபிள் முனையையோ தொட்டால் மெல்லச் சுருசுருக்கும். இரண்டு பக்கத்துக்கும் இடையில், இரைச்சலை அடக்க ஒரு சிறிய கெப்பாசிட்டர் இணைத்திருப்பார்கள், அதன் வழியாகக் கசிவது அது. தரமான அடாப்டரில் அந்தக் கசிவு ஒரு மில்லி அம்பியருக்கும் கீழே, ஆபத்து இல்லை. பேரில்லாத அடாப்டரில் அந்த இடத்தில் சாதாரணக் கெப்பாசிட்டரைப் போட்டிருப்பார்கள், அது ஷோர்ட் ஆனால் 325 வோல்ட் உங்கள் கைக்கு வரும். குளித்துவிட்டு வந்து, சார்ஜில் இருக்கும் போனை ஈரக்கையால் தொட வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். அடுத்தது, சார்ஜரைச் செருகியே விட்டால் பில் ஏறுமா? லேபலில் ரோமன் எழுத்தில் VI என்ற குறி இருக்கிற சின்ன சார்ஜர், போன் மாட்டாமல் இருக்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. வருடம் முழுக்க விட்டாலும் ஒரு யூனிட் ஆகாது. பில்லுக்காகக் கழற்ற வேண்டாம், இடிக்காகக் கழற்றுங்கள்.

நம் குளிர் இவற்றுக்கு நல்லது. எஸ்எம்பிஎஸ்ஸில் முதலில் வயசாவது உருளைக் கெப்பாசிட்டர்கள். உள்ளே உள்ள திரவம் சூட்டில் காய்கிறது. பத்து பாகை குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லோரும் நம்பும் கணக்கு. 105 பாகையில் 2000 மணி நேரம் என்று எழுதிய கெப்பாசிட்டர் 65 பாகையில் 32,000 மணி வரை போகும். அதே டிவி கொழும்பில் ஓடுவதைவிட நுவரெலியாவில் கூடுதல் காலம் ஓட வாய்ப்பிருக்கிறது. கெடுப்பது ஈரம். மிஸ்ட் இறங்கும் நாட்களில் தூசி படிந்த போர்டில் ஈரம் பிடித்தால், 325 வோல்ட் பக்கத்தில் கசிவு தொடங்கித் தடம் கருகும். பல்லி போய்ப் படுப்பதும் அந்தச் சூட்டுக்காகத்தான். இன்னொன்று, சில சீன அடாப்டர்களில் மலை உருவத்தோடு 2000 மீற்றர் என்று ஒரு குறி இருக்கும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து, பாகங்களுக்கு இடையில் தீப்பொறி தாண்டுவது எளிதாகிறது. நுவரெலியா 1868 மீற்றர் என்பதால் நாம் எல்லைக்குள் இருக்கிறோம். 2524 மீற்றர் உயரப் பிதுருதலாகலையில் வைக்கும் கருவிகளுக்குத்தான் இது உண்மையான கேள்வி.

நீங்களே திறந்து பார்க்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. பியூஸ் நன்றாக இருந்தும் ஓடாத எஸ்எம்பிஎஸ்தான் அதிக ஆபத்தானது. பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் வோல்டேஜ் நிற்கும்; சுவிட்ச் பக்கம் செத்துக் கிடப்பதால் அது வடிவதற்கு வழி இருக்காது. ஸ்க்ரூடிரைவரால் ஷோர்ட் செய்து தீப்பொறி பார்ப்பது கெட்ட பழக்கம். குண்டு பல்பின் இரண்டு வயரை அதன் கால்களில் வைத்து வடித்துவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். ரிப்பேர் முடிந்ததும் முதல் தடவை நேராக லைனில் போடாமல் 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் வைத்துப் போடுவது எங்கள் வழக்கம்; ஷோர்ட் இருந்தால் பல்ப் முழுதாக எரியும், மொஸ்பெட் தப்பும். பழக்கமில்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

உங்கள் ரவுட்டர் அடாப்டரை ரிப்பேர் செய்வது லாபமில்லை, புதிது வாங்குங்கள். பழையதன் லேபலில் உள்ள வெளி வோல்டேஜ் அப்படியே இருக்க வேண்டும். 12 என்றால் 12. அம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. 1 அம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 2 அம்பியர் அடாப்டர் போட்டால் எரிந்துவிடும் என்பது தப்பு. ரவுட்டர் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். பிளக்கின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதை லேபலில் வட்டமும் புள்ளியுமாகப் போட்டிருப்பார்கள், அதையும் ஒத்துப் பாருங்கள். செருகும் முன் மீட்டரில் 12 வோல்ட் காட்டினால் மட்டும் திருப்திப்பட வேண்டாம். ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால் 11.5க்குக் கீழே விழக் கூடாது. விழுந்தால் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். ரவுட்டர் அடிக்கடி தானாக ஓஃப் ஆகி ஓன் ஆவதற்கு நான் பார்த்தவரை இணைய நிறுவனத்தைவிட இந்த அடாப்டர்தான் அதிகம் காரணமாக இருந்திருக்கிறது.